மிக்ஸருக்குள் ஆள்

ஏசுபாதத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய பயத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். பேயைக் கண்டு பயம், போலீசைக் கண்டு பயம் என்றால் நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளலாம். இவர் பயந்தது எழுத்தைக் கண்டு. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம் அதற்கு மேல் இன்னொன்று.

இரண்டாம் வகுப்போடு அடுத்தவர் மாட்டை மேய்க்க அனுப்பப்பட்டவர் அவர். எண்கள் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், தேதி எல்லாம் தடுமாறாமல் சொல்லுவார். எழுத்துகள்தான் கடைசிவரை அவரிடம் ஒட்டவில்லை. கல்யாணமான புதிதில் ஹெலன் அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். நாற்பது நாள் சிமெண்ட் பை காகிதத்தில் வரைந்து வரைந்து பழகினார். தாசில்தார் போட்டது மாதிரி வளைவும் சுழிப்புமாக அழகான கையெழுத்து. அந்தக் கையெழுத்துதான் அவருக்கு வினையாகவும் போனது. இப்படிப் போடுகிற மனுஷனுக்குப் படிக்கத் தெரியாது என்று எவனுக்குத் தோன்றும்?

மறைப்பதற்கு அவர் வைத்திருந்த வித்தைகளை எழுதினால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கூடு இருக்கும். உள்ளே கண்ணாடி இருக்காது. யாராவது தாளை நீட்டினால் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "த்சொ, கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன், நீயே படி" என்பார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் பக்கம் புரட்டும்போது தானும் புரட்டுவார். ஒருமுறை ஊரப்பாக்கத்தில் இருக்கும் அக்கா சாராள் வீட்டுக்குப் போகச் செங்கல்பட்டில் ரயில் ஏறினார். கேட்டால் அசிங்கம் என்று கேட்காமலே ஏறினார். வண்டி வாலாஜாபாத்தில் போய் நின்றது. அங்கே இறங்கி, பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டில் கேட்டதற்கு, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போனதாகச் சொன்னார். ஹெலன் ஒன்றும் கேட்கவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பேவர் பிளாக் கம்பெனி. கடற்கரை ரிசார்ட்டுகளின் நடைபாதைக்கும் கார் நிறுத்துகிற இடத்துக்கும் கல் அங்கிருந்துதான் போகிறது. அங்கே பதினோரு வருஷமாக ஏசுபாதம் மிக்ஸர் ஆபரேட்டர். மிக்ஸர் என்பது ஓர் ஆள் உயர இரும்புத் தொட்டி. உள்ளே சிமெண்டையும் ஜல்லிப் பொடியையும் கலக்குகிற இரும்புக் கைகள் சுற்றும். தொட்டி மேடைமேல் இருக்கிறது. பன்னிரண்டு படி ஏறினால்தான் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். ஓட்டுகிற பட்டன் கீழே, ஒரு பெட்டியில். பச்சையை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும்.

ஒரு நாளைக்கு நாலு தடவை மிக்ஸரை நிறுத்தி, ஒரு ஆள் உள்ளே இறங்கி, சுத்தியலும் உளியுமாகக் காய்ந்த காரையைத் தட்டி எடுப்பான். அந்த ஆள் ராஜேந்திரன். முப்பத்தெட்டு வயது, வாய் ஓயாதவன். பதினோரு வருஷமாக அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே இறங்குகிறவன் செருப்பைக் கழற்றிப் பட்டன் பெட்டிக்கு நேர் கீழே விட்டுவிட்டுப் போவான். செருப்பு கிடந்தால் பட்டனில் கை வைக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், எழுதி ஒட்டவும் வேண்டாம். ஏசுபாதத்துக்கு அதில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஜெயப்பிரியா மேனேஜராக வந்தாள். மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், இன்ஜினியரிங் படித்தவள், வேலையில் கறார். வெறுங்காலோடு மிக்ஸருக்குள் இறங்குவதைப் பார்த்துப் பதறிப்போனாள். எல்லோருக்கும் முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நல்ல காரியம்தான். ஆனால் பூட்ஸைக் காலோடு போட்டுக்கொண்டே உள்ளே இறங்க வேண்டும் என்றதும் பெட்டிக்குக் கீழே செருப்பு இல்லாமல் போனது. அதற்குப் பதிலாக அவள் கார்டு கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட ஐந்து கார்டுகள், ஒரு பையில். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் கறுப்பு எழுத்து. ஒன்றில் உள்ளே ஆள் இருக்கிறார், ஓட்டாதே என்று இருக்கும். ஒன்றில் ஆயில் மாற்ற வேண்டும் என்று இருக்கும். இன்னொன்றில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும் என்று. அந்தந்த வேலைக்கு உரிய கார்டைப் பெட்டியில் மாட்ட வேண்டும். படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏசுபாதத்தின் கையெழுத்து அதிலும் முதலிடத்தில் ஜொலித்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து கார்டையும் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆள் கார்டுக்கு மட்டும் வலது மூலை மடங்கியிருந்தது. அவருக்கு அது போதும். மூலை மடங்கிய கார்டு தொங்கினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மற்றது தொங்கினால் கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் போகிறவனைப் படிக்கச் சொல்லுவார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு வியாழக்கிழமை காலையில் பழைய கார்டுகளைக் காணவில்லை. சிமெண்ட் தண்ணீர் பட்டு எழுத்து மங்கிவிட்டதென்று ஜெயப்பிரியா புதுசாக அடித்து வைத்திருந்தாள். ஐந்தும் பளபளவென்று, ஐந்துக்கும் நான்கு மூலையும் நேராக இருந்தன.

பதினோரு மணிக்கு ஏசுபாதம் டீ குடித்துவிட்டு வந்தபோது பெட்டியில் ஒரு கார்டு தொங்கியது. மூலை மடங்கவில்லை. மடங்க வழியில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பார்த்தார். எழுத்துகள் வரிசையாக நின்றன. மேலே ஏறிப் பார்த்துவிடலாமா? முன்பு ஒருநாள் சந்தேகத்தில் அப்படி ஏறியபோது லோடர் ஓட்டுகிற பூபாலன் கீழே நின்று சிரித்தான். யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாமா? காலையிலிருந்து இரண்டு தடவை கண்ணாடியை மறந்தாகிவிட்டது. மூன்றாவது தடவையும் மறந்தால் சந்தேகம் வரும்.

"யாராவது உள்ள கீறீங்களா?" என்று மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். கல் அச்சு மெஷின் அதிர்ந்துகொண்டிருந்த சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, செல மாரி நின்னுகினு கீற? லோடு காத்துகினு கீது!" என்று அந்தப் பக்கமிருந்து பூபாலன் கத்தினான்.

ஆளைக் கொன்றுவிடுவோமோ என்ற பயமும், அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற பயமும் ஒரு நொடி அவருக்குள் மல்லுக்கு நின்றன. சொல்லவே கூசுகிறது, இரண்டாவது பயம்தான் ஜெயித்தது. பச்சையை அமுக்கினார்.

மிக்ஸர் உறுமியது. அதற்கு மேல் ஓர் அலறல். அவர் கை தானாகச் சிவப்புக்குத் தாவியது. இரும்புக் கை ஒரு ஜாண்தான் நகர்ந்திருந்தது. அந்த ஒரு ஜாணில் அது ராஜேந்திரனின் இடது காலைத் தொட்டிச் சுவரோடு வைத்து நசுக்கியிருந்தது. பூட்ஸின் முனையில் இருந்த இரும்பு மட்டும் இல்லையென்றால் பாதம் போயிருக்கும். நாலு பேர் சேர்ந்து அவனை வெளியே தூக்கினார்கள். கால் வீங்கியிருந்தது, நகம் இரண்டு பெயர்ந்திருந்தது. ராஜேந்திரன் அழவில்லை. பேசவும் இல்லை. வாய் ஓயாத அவன் பேசாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் ஏசுபாதம் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஆபீஸ் ரூமில் விசாரணை. முதலாளி ரமேஷ் நாற்காலியில், ஜெயப்பிரியா மேஜைக்குப் பின்னால். மேஜைமேல் அந்தக் கார்டு. நம் வேலை இன்றோடு போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஏசுபாதம் உள்ளே நுழைந்தார். சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஏசுபாதம்ணா, பயப்படாதீங்க," என்றாள் ஜெயப்பிரியா. "தப்பு உங்க மேல இல்ல. அங்க தொங்கினது ஆயில் கார்டு. அதப் படிச்சுப் பாத்துட்டு, உள்ள ஆள் இல்லன்னுதானே பட்டன் போட்டீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தொங்கியதே தப்பான கார்டு. அவர் முன்னால் ஒரு கதவைத் திறந்து வைத்து, தப்பித்துப் போ அண்ணா என்கிறாள் இந்தப் பெண்.

"ஆமா மேடம்," என்றார்.

"ராஜேந்திரன், ஒழுங்கான கார்டுதான் மாட்டினேன்னு சாதிக்கிறாரு. யாரோ மாத்திட்டாங்களாம்."

"பொய்," என்றார் ரமேஷ். "அஜாக்கிரதை. ஒன்பதாவது படிச்சேன்னு சொல்லி வேலைக்குச் சேந்த ஆளுக்கு அஞ்சு கார்டுல ஒண்ணு எடுக்கத் தெரியாதா? திங்கக்கிழமை எல்லாரையும் நிக்க வெச்சு அவனை அனுப்பிடலாம். அப்பதான் மத்தவனுக்குப் புத்தி வரும்."

வெளியே வந்தவர் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். தப்பித்தாகிவிட்டது. ஆனால் ராஜேந்திரனைப் பற்றி ஒன்று அவர் மண்டைக்குள் குடைந்தது. தாள் சுற்றுக்கு வருகிற நாளிலெல்லாம் அவன் கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு வந்து நிற்பான். "கை அயுக்கா கீது, நீயே படிச்சு சொல்லுபா" என்பான். தவறாமல் ஒவ்வொரு தடவையும். கிரீஸ் போடுகிற வேலை இல்லாத நாளிலும். காலிக் கண்ணாடிக் கூட்டைச் சுமந்து திரிகிற மனுஷனுக்கு அந்தக் கிரீஸின் அர்த்தம் புரியாமல் போகுமா?

சனிக்கிழமை வேலை இருந்தது. ராஜேந்திரனுக்குப் பதிலாகப் பூபாலன் உள்ளே இறங்கினான். அவன் ஏதோ ஒரு கார்டை மாட்டிவிட்டுப் போனான். ஏசுபாதம் பச்சை பட்டனின் முன்னால் நின்றார். விரல் அதன்மேல் போகவே மறுத்தது. வேலை முடிந்து பூபாலன் கீழே வந்து எதிரில் நின்ற பிறகும், "அமுக்கு அண்ணாத்த" என்று சொன்ன பிறகும், பன்னிரண்டு படி ஏறி உள்ளே பார்த்துவிட்டு வந்துதான் அமுக்கினார். டீக்கு, சாப்பாட்டுக்கு நிறுத்தி ஓட்டும்போதும் ஏறினார்; அன்றைக்கு அப்படி ஒன்பது தடவை ஏறி இறங்கினார். முட்டி கழன்றுவிடும் போல வலித்தது. பூபாலன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹெலனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கையில் இருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாயத் தொறக்காத," என்றாள். "உன்னத்தான் வுட்டுட்டாங்க இல்ல? அத்தோட வுடு."

"அந்தப் பையன் வேல போவுதே."

"நீ சொன்னா உன் வேலயும் போவும். இந்த வயசுல வேற எவன் குடுப்பான்? நம்ம பொண்ணு காலேஜு இன்னும் ஒரு வருசம் கீது."

"ஹெலனு, நாளைக்கி இன்னொருத்தன் உள்ள எறங்குவான். பட்டன்ல நான்தான் நிப்பேன்."

அவள் முறத்தை எடுத்து மறுபடி அரிசி புடைக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கம் புரட்டுகிற நேரத்தில் அவர் புரட்டவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஹெலன் பார்த்தாள். வெளியே வரும்போது அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பதினான்கு பேரும் கல் அடுக்கி வைத்த களத்தில் வரிசையாக நின்றார்கள். ராஜேந்திரன் கட்டுப் போட்ட காலோடு ஓரத்தில், தலை குனிந்து. ரமேஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எழுதி ஒட்டியும் பார்க்காதவன், படித்தும் பண்ணாதவன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

ஏசுபாதம் ஒரு அடி முன்னால் வைத்தார். வைத்த பிறகு பின்வாங்க முடியாது என்பதற்காகவே வைத்தார்.

"மொதலாளி, நான் ஒண்ணு சொல்லணும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் அந்தக் கார்டப் படிக்கல. மேடம் கேட்டப்ப ஆமான்னு பொய் சொல்லிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல ஆயிலுன்னு எயுதியிருந்ததே நீங்க சொல்லித்தான் தெரியும். ஆள் கார்டே தொங்கியிருந்தாலும் நான் அமுக்கித்தான் இருப்பேன்."

பூபாலன் வாயைப் பிளந்தான். ரமேஷ், "அப்புறம் அந்தக் கையெழுத்து?" என்றார்.

"அது பேர் மட்டும் மொதலாளி. ஹெலன் கத்துக்குடுத்தா."

ஜெயப்பிரியாவின் முகத்தில் ரத்தம் இல்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தாள். படித்துப் புரிந்துகொண்டேன், பதினான்கு கையெழுத்து. அவளும் பயந்துபோய் நிற்கிறாள் என்பதை ஏசுபாதம் அப்போதுதான் கவனித்தார்.

"வேற யாருக்குப் படிக்கத் தெரியாது? கை தூக்குங்க," என்றாள்.

ஒருவரும் தூக்கவில்லை. ராஜேந்திரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பேர் நடுவில் இப்படிக் கேட்டால் எந்த மானமுள்ளவன் கை தூக்குவான்? கேட்ட மாத்திரத்திலேயே அவளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார், இன்னைக்கு மிக்ஸர் ஓடாது," என்றாள் ரமேஷிடம். "ஒவ்வொருத்தரா நான் தனியா பேசப்போறேன். பேசினது வெளிய வராது. படிக்கத் தெரியாததுக்காக யாரையும் அனுப்ப மாட்டோம். வேணும்னா எழுதியே தரேன்."

"எயுதிக் குடுத்தா யாரு மேடம் படிக்கிறது?" என்றார் ஏசுபாதம். அவருக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஜெயப்பிரியாவும்தான். ரமேஷ் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ராஜேந்திரனின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "அவங்க சொன்னதுதான் என் வார்த்தையும். யாரையும் அனுப்பல," என்று வாயாலேயே சொன்னார்.

ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். ராஜேந்திரன் போனபோது கதவு அரை மணி நேரம் திறக்கவில்லை.

அந்த வாரத்திலேயே பட்டன் பெட்டிக்குப் பூட்டு வந்தது. உள்ளே இறங்குகிறவன் தன் போட்டோ ஒட்டிய பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அவனாக வந்து திறக்காமல் யாராலும் பட்டனைத் தொட முடியாது. அதற்குப் பிறகு, வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை வகுப்பு என்று ஜெயப்பிரியா அறிவித்தாள். வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல். வேண்டியவர்கள் வரலாம். என்ன படிக்க ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்து வைத்திருந்தாள். ஒருவன் சம்பளச் சீட்டு என்றானாம், ஒருவன் மருந்துச் சீட்டு. ஏசுபாதம் ரயில் போர்டு என்றிருந்தார். அந்த ஒரு மணி நேரம் மிக்ஸர் நின்றால் எத்தனை கல் குறையும் என்று ரமேஷ் முணுமுணுத்தார். நிற்கட்டும் சார் என்றாள் ஜெயப்பிரியா.

முதல் நாள் ஏசுபாதம் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டார். தளவாட அறையைக் காலி பண்ணி இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். சுவரில் கறுப்புப் பலகை. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன் இரண்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. யாரும் வராவிட்டால்? கம்பெனியிலேயே தான் ஒருவன்தான் இப்படி என்றால்? எழுந்து போய்விடலாமா என்று நினைத்து எழுந்தும்விட்டார்.

வாசலில் ராஜேந்திரன் நின்றான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ரப்பர் செருப்பு. நொண்டி நொண்டி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏசுபாதமும் உட்கார்ந்தார். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே மிக்ஸரும் அச்சு மெஷினும் நின்றுபோய், பகலில் கேட்டே இராத அமைதியாக இருந்தது.

"அண்ணாத்த," என்றான் ராஜேந்திரன் மெதுவாக.

"இன்னாடா?"

"பையில கடைசி கார்டு எதுவோ அதான் ஆள் கார்டுன்னு வெச்சிகினு இருந்தேன். புதுசு வந்தப்ப அடுக்க மாத்திட்டாங்க போல."

"எனக்கு மூலை மடங்கின கார்டு," என்றார் ஏசுபாதம்.

ராஜேந்திரன் அடிபட்ட காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"ரெண்டு மாசமா நீ படிச்சுப் பாத்துதான் பட்டன் போடுறன்னு நம்பி நான் உள்ள எறங்கிகினு இருந்தேன்."

"நீ படிச்சுப் பாத்துதான் கார்டு மாட்டுறன்னு நம்பி நான் அமுக்கிகினு இருந்தேன்."

ஒரு நாளைக்கு நாலு தடவை, இரண்டு மாதம். இருவரும் அதை மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பெஞ்சே லேசாக ஆடியது.

அப்போதுதான் சாக்பீஸ் டப்பாவோடு உள்ளே வந்த, பாடம் நடத்த ஜெயப்பிரியா ஏற்பாடு செய்திருந்த அமிர்தவல்லி டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, குளிருதா? ஃபேன நிறுத்தட்டுமா?" என்று கேட்டார்.